சுங்கை சிப்புட் 'மாடி வகுப்பு': 12 வாரம் டிஜே பயின்ற அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவீட்டு வரிசையொன்றின் மாடியில், பெயர்ப்பலகை எதுவுமின்றி, பாடல்களை ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கவிடும் டிஜே வேலைக்கு ஒரு வகுப்பு நடந்து வருகிறது. கீழே மோட்டார்சைக்கிள் பட்டறை. அதன் பக்கவாட்டில் குறுகிய மரப்படி. படி முடிகிற இடத்தில் எப்போதும் எட்டுப் பத்துச் சோடிச் செருப்புகள் கிடக்கும். ஊரார் அதற்கு 'மாடி வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடத்துபவர் விளம்பரத்தை விரும்பாதவர். ஆகவே அவருடைய பெயரை எழுதாமல், வகுப்பில் எல்லாரும் அழைப்பதைப் போல நானும் அவரை 'அண்ணன்' என்றே குறிப்பிடுகிறேன், வயதில் அவர் எனக்குப் பத்து ஆண்டு இளையவர் என்றாலும். பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் சிலர் என்னிடம் நேரில் விசாரித்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, தோட்டத்து விருந்து என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன் நான். சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக்கு இடம்விடாமல் பால்மரங்கள் கொஞ்சம் மிச்சமிருந்த காலத்திலேயே, மாரியம்மன் கோயில் வாசலில் கம்பம் நட்டுக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். ஒயர் எங்கே ஓடுகிறது, சத்தம் எங்கே சிதறுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஆனால் பாட்டைக் கலக்கத் தெரியாது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததைப் போடுவது மட்டுமே என் தொழிலாக இருந்தது. என் அக்காள் மகள் பள்ளியின் எஸ்பிஎம் பொதுத்தேர்வை எழுதி முடித்த கையோடு டிஜே ஆகப் போகிறேன் என்று அறிவித்தபோது அக்காளுக்குத் தூக்கம் போயிற்று. 2014 மார்ச்சில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடந்த மின்னிசை விழாவில் ஆறு பேர் உயிரிழந்து, கடைசி நாள் நிகழ்ச்சியே ரத்து செய்யப்பட்ட செய்தியை அவர் இன்றுவரை மறக்கவில்லை. "நீயும் கூடப் போறதா இருந்தா அனுப்புறேன், தம்பி" என்றார். இப்படித்தான் 47 வயதில் நான் மரப்படி ஏறினேன்.

கட்டணம் ஆளுக்கு 950 ரிங்கிட். மூன்று தவணைகளில் கட்டலாம். புதன் இரவு இரண்டு மணி நேரம் கைப்பயிற்சி, சனி மாலை மூன்று மணி நேரம் பாடமும் பயிற்சியும். முதல் ஆறு வாரம் பாடல் கலப்பு, பின் ஆறு வாரம் பாடல் தயாரிப்பு என்பது திட்டம். ஓர் அணியில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பயிற்சிக்கு இரண்டு பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கருவிகள் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த, இரண்டே கிலோ சொச்சம் எடையுள்ள, மடிக்கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் தொடக்கநிலைக் கருவி அது. மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுபோய்விடலாம். மூலையில், துணி போர்த்தி, ஒரு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழலியும் உண்டு. 1979இல் சந்தைக்கு வந்த அந்த இரும்புக் குட்டியின் வேக நகர்த்தி கூட்டினாலும் குறைத்தாலும் எட்டு விழுக்காட்டுக்கு மேல் போகாது. இன்றைய கருவிகளில் இருப்பவை எல்லாம் அதனிடம் இருந்து வந்தவை என்று காட்டுவதற்காகவே அண்ணன் அதை வைத்திருக்கிறார். ஆளுக்கு அரை மணி நேரம் தொடவும் விடுகிறார்.

முதல் நாளே இரண்டு காரியங்கள் நடந்தன. இரு கருவிகளிலும் இருந்த 'சிங்க்' பொத்தான்களின் மேல் வெள்ளை ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்டினார். பிறகு மடிக்கணினித் திரையின் மேல்பாதியை, அலைவடிவம் தெரியும் பகுதியை, ஒரு பழைய நாள்காட்டித் தாளால் மறைத்தார். இரண்டு பாடல்களின் வேகத்தையும் கருவி தானாகவே பொருத்திவிடும் வசதி இன்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் ஆறாவது வாரம்வரை அந்த நாடாவைக் கிழிக்க ஒருவரையும் அவர் அனுமதிக்கவில்லை. எண்ணத் தெரியாதவன் பொத்தானை அழுத்தினால், வேகம் பொருந்தினாலும் பாட்டு பொருந்தாது என்பது அவர் கட்சி.

எண்ணுவது என்றால் என்ன என்பதை என் மருமகளின், அதாவது அந்த அக்காள் மகளின், கை வழியாகப் பார்த்தேன். நடனத்துக்கென்று செய்யப்படும் இசை பெரும்பாலும் நான்கு அடிகள் கொண்ட ஆவர்த்தனங்களாக நடக்கும். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு ஆவர்த்தனங்களுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று சேரும் அல்லது விலகும். நிமிடத்துக்கு 126 அடி வேகமுள்ள பாடலில் முப்பத்திரண்டு ஆவர்த்தனம் என்பது 128 அடி, அதாவது ஒரு நிமிடத்துக்கும் ஒரு நொடி கூட. அடுத்த பாடலை எங்கே நுழைப்பது என்ற முடிவு முழுவதும் அந்த ஒரு நிமிடக் கணக்குக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது புதன்கிழமை அவள் இடக்காதில் ஹெட்ஃபோனும், வலக்காதில் ஒலிபெருக்கியும், கண் மூடியும் நின்றாள். வலக்கை வேக நகர்த்தியை நூலளவு நூலளவாகத் தள்ளியது, உதடுகள் எண்ணின. ஒரு பாடல் 126, மற்றது 126.5 என்றால் ஒரே நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். அப்போது இரண்டு பாடல்களின் கிக் ஒலிகளும், அதாவது அடிதோறும் 'டும்' என்று விழும் தாழ்ந்த டிரம் ஒலிகளும், நொண்டிக் குதிரை ஓடுவதைப் போலக் கேட்கும். அன்று அவளுக்கு ஒன்பது முறை குதிரை நொண்டியது. பத்தாவது முறை நொண்டவில்லை. கண்ணைத் திறந்து, "மாமா, ஒரே சத்தமா ஆயிடுச்சு" என்றாள். இரண்டு பாடல்களும் ஒரே கால் கொண்டு நடந்தன.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பாடம் மூன்றாவது வாரம் வந்தது. நகரத்துப் பள்ளிகளில் இதைச் சொல்லித் தருகிறார்களா என்பதே சந்தேகம். நம் ஊர்க் கல்யாணங்களில் ஆட்டத்துக்குப் போடும் குத்துப் பாடல்களில் பல திஸ்ர நடையில் அமைந்தவை. ஒவ்வோர் அடிக்குள்ளும் 'தகிட' என்று மூன்று மாத்திரை ஓடும். ஹவுஸ், டெக்னோ முதலான மின்னிசை நடன வகைகள் சதுஸ்ர நடை. அடிக்குள் 'தகதிமி' என்று நான்கு. ஆகவே வேகத்தைப் பிசகாமல் பொருத்தி, கிக்கின் மேல் கிக்கை வைத்தாலும், உள்ளே மூன்றும் நான்கும் முட்டிக்கொள்ளும். ஆடுபவர்களின் கால் தடுமாறும். காரணம் தெரியாமலே கூட்டம் நாற்காலிக்குத் திரும்பும். அண்ணன் இதற்குச் சொல்லித் தரும் வழி எளிமையானது. வெளியேறும் பாடலின் உச்ச ஒலிகளை, அதாவது ஹைஹாட், கைத்தட்டல் போன்ற மாத்திரையைக் காட்டிக்கொடுக்கும் ஒலிகளை, ஈக்யூ எனப்படும் ஒலிச் சமன் குமிழில் மெல்ல இறக்கிவிட வேண்டும். எட்டு ஆவர்த்தனத்துக்கு வெறும் கிக் மட்டும் ஒலிக்கட்டும். கிக்குக்கு மூன்றும் கிடையாது, நான்கும் கிடையாது. அது வெறும் அடி. அந்த வெற்றிடத்தில் குத்துப் பாடலின் தப்பு மேளத்தை நுழைத்தால் நடை மாறியதைக் கால் ஏற்றுக்கொள்ளும். இருபது ஆண்டுகளாகப் பாட்டுப் போட்டவன் நான். சில பாடல்களுக்குப் பிறகு கூட்டம் ஏன் கலைகிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

உறுமிக்கு வந்தபோது விஷயம் இன்னும் சிக்கலாயிற்று. அணியில் இருந்த இரண்டு பையன்கள் உறுமி மேளக் குழுவில் அடிப்பவர்கள்; தங்கள் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்கள். மென்பொருள் ஒரு பாடலை ஆராய்ந்து, அதன்மேல் சம இடைவெளியில் கோடுகள் போடும். அந்தக் கோடுகளை நம்பித்தான் மற்ற வசதிகள் எல்லாம் வேலை செய்கின்றன. உறுமிக்காரரோ காவடிக்காரரின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறவர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல் வழிந்தது. பையன்கள் சற்றே பெருமையாகத்தான் பார்த்தார்கள். பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீட்டியும் சுருக்கியும் கோட்டுக்குள் கொண்டுவரும் முறையை அண்ணன் காட்டினார். கொண்டுவந்த பிறகு அதைக் கேட்கவும் வைத்தார். வேகம் சரியாக இருந்தது, உயிர் போயிருந்தது. "எவ்வளவு திருத்தணும்னு உங்க காது சொல்லணும்" என்று அதோடு விட்டுவிட்டார். அன்று படியிறங்கும்போது அந்தப் பையன்கள் விவாதித்துக்கொண்டே போனார்கள்.

சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் கருவிகளை அணைத்துவிட்டு, இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையைப் பேசுவது வழக்கம். கதாகாலட்சேபம் போல இருக்குமோ என்று எண்ணினேன், அப்படி இல்லை. ஒவ்வொருவர் கதையிலும் பணம் எங்கிருந்து வந்தது, உரிமை யாரிடம் இருந்தது, உடம்பு என்ன ஆயிற்று என்ற மூன்று கேள்விகளை எழுப்பினார். சிக்காகோ நகரில் 1977இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் பாடல்களை நீட்டியும் ஒட்டியும் போட்டதில் பிறந்த இசைக்கு அந்த விடுதியின் பெயரே சுருங்கி 'ஹவுஸ்' என்று நிலைத்த வரலாற்றில் தொடங்கினார். ரோலண்ட் நிறுவனம் 1981இல், கிட்டார் வாசிப்பவர்களுக்குத் துணையாகப் பேஸ் என்ற தாழ்சுர ஒலி தரட்டும் என்று டிபி-303 என்ற சிறு பெட்டியைச் செய்தது. யாரும் சீந்தாமல் பழைய சாமான் கடைக்கு வந்தது. அதை மலிவாக வாங்கிய சிக்காகோ இளைஞர்கள், கூடாத இடத்தில் குமிழ்களைத் திருகி, 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற புதிய வகையையே உருவாக்கினார்கள்.

இந்த இடத்தில் அண்ணன் நிறுத்தி, அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1982இல், பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்பவர் அதே டிபி-303ஐயும் டிஆர்-808 தாளப் பெட்டியையும் வைத்து, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்த இசைத்தட்டில் இருந்து கொஞ்சம் ஒலிக்கவிட்டார். பைரவ் இராகம் வந்தது, அடியில் இயந்திரத் தாளம் மாறாமல் தட்டியது. பிள்ளைகள் அது சென்ற ஆண்டு வந்த பாட்டு என்றே நினைத்தார்கள். வெளிவந்தபோது விலைபோகாத அந்தத் தட்டு 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. தோன்றிய காலத்தில் எடுபடாத வேலை வீணான வேலை ஆகாது என்பதற்கு அண்ணன் இதைச் சொன்னார். எனக்கோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு மனிதர் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்ற எண்ணமே ஓடியது.

மார்ட்டின் கேரிக்ஸின் கதைக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டியெஸ்டோ என்ற டச்சு டிஜே வாசிப்பதைத் தொலைக்காட்சியில் கண்ட எட்டு வயதுச் சிறுவன்; வீட்டு அறையில் கணினியில் பாடல் செய்து பழகியவன்; 2013இல், 17 வயதில், வெளியிட்ட ஒரே ஒரு பாடலால் உலகம் முழுதும் அறியப்பட்டவன்; 2016இல், இருபதாவது வயதில், டிஜே மேக் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவன். பிள்ளைகளின் கண்கள் விரிந்தது இந்த இடத்தில்தான். அண்ணன் அழுத்தியது வேறோர் இடம். தன் பாடல்களின் உரிமை தன்னிடம் இல்லை என்பதற்காக அந்த இளைஞர் 2015இல் தன் வெளியீட்டு நிறுவனத்தோடு முறித்துக்கொண்டு, மறு ஆண்டே சொந்த நிறுவனம் தொடங்கினார். கையொப்பமிடும் வயதில் ஒப்பந்தத்தைப் படிக்க யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தை அச்சிட்டுக் கொடுத்து, 'என்றென்றும்', 'உலகெங்கும்' என்ற சொற்கள் வரும் இடங்களை அடிக்கோடிடச் சொன்னார். ஏழு இடங்களில் இருந்தன.

அவிச்சியைப் பற்றிப் பேசிய மாலை அக்காளும் வந்திருந்தார்; பின்வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். டிம் பெர்க்லிங் என்ற அந்த ஸ்டாக்ஹோம் இளைஞர், நேரடி மேடைகளில் இருந்து 2016இல் விலகியபோது 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தி முடித்திருந்தார், வயது 26. அதற்குள் கணைய அழற்சி வந்து, 2014இல் பித்தப்பையையும் குடல்வாலையும் அகற்ற வேண்டியிருந்தது. 2018 ஏப்ரல் 20ஆம் நாள் ஓமானின் மஸ்கட் நகரில், 28 வயதில், இறந்தார். ஆட்டக்கூடத்தின் மின்னிசையோடு நாட்டுப்புறக் கிட்டாரையும் கலந்து, யாரும் எதிர்பாராத வழியில் பாடல் செய்தவர் அவர். மேடை ஏறுவது அவருக்கு இயல்பாக வரவில்லை. இதைச் சொல்லும்போது அண்ணன் குரலை உயர்த்தவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. தயாரிப்பாளர் வேறு, டிஜே வேறு. இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று சந்தை கேட்கிறது, உடம்பு கேட்பதில்லை என்றார். அக்காள் அன்று வீடு திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வகுப்புக்கு அனுப்ப நானே நினைவூட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். அவரே தவணைப் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இந்த மாலைகளில் எனக்கொரு குறை உண்டு. ஆறு வாரமும் பேசப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். அணியில் மூன்று பெண்பிள்ளைகள் இருக்கையில் இது சிறிய தவறு அல்ல. என் மருமகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவது சனிக்கிழமை தானாகவே எழுந்து, பெல்ஜியத்தின் பெண் டிஜே ஷார்லட் டி விட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். பெண் என்று தெரிந்தால் ஒரு கண்ணால் பார்ப்பார்கள் என்பதற்காக அவர் தொடக்கத்தில் 'ரேவிங் ஜார்ஜ்' என்ற ஆண்பெயரில் இயங்கியதையும், பின்பு அந்தப் பெயரை உதறிவிட்டுச் சொந்தப் பெயரிலேயே டெக்னோ உலகின் முன்வரிசைக்கு வந்ததையும் சொன்னாள். அண்ணன் குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த அணிக்கு அது பாடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி இரண்டாம் பாதி. பாடல் தயாரிப்பு என்ற அந்த ஆறு வாரத்தைப் பற்றி எனக்கு நல்ல சொல் அதிகம் இல்லை. சொல்லித் தரும் திறமையில் குறை இல்லை. காலமும் கருவியும் போதவில்லை. வகுப்பில் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருள் உரிமத்தோடு உள்ள மடிக்கணினிகள் மூன்றுதான். எட்டுப் பேர் முறைவைத்து உட்கார்ந்தோம். வீட்டில் பழகலாம் என்றால், அதன் இலவச முன்னோட்டப் பதிப்பில் செய்த வேலையைச் சேமிக்கலாமே தவிர, மூடிய பின் மறுபடி திறந்து தொடர முடியாது, வாங்கினால்தான் திறக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி; சேரும்போதே மாணவரிடம் சொல்லி, மென்பொருளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் செய்திருக்க வேண்டும். எங்களில் ஒருவன் மூன்று இரவு விழித்துச் செய்த பாடலைப் புதன்கிழமை திறக்க முடியாமல் நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சரண்ஜித் சிங்கில் தொடங்கி கேரிக்ஸ்வரை அண்ணனே சொன்ன கதைகள் எல்லாம், பெயரைத் தேடித் தந்தது சொந்தமாகச் செய்த பாடல் என்பதைத்தான் காட்டுகின்றன. அப்படியிருக்கத் தயாரிப்புக்கு ஆறே வாரம் என்பது அவர் பாடத்துக்கு அவரே முரண்படுவதாகும்.

கிடைத்த நேரத்தில் ஒன்று மட்டும் தெளிவாகப் படிந்தது. நடனப் பாடல்களில் கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒலி தானாக ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழும். இதற்கு சைட்செயின் என்று பெயர். பிள்ளைகளுக்கு இதைப் படம் வரைந்து விளக்க வேண்டியிருந்தது, எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோயிலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் அர்ச்சகர் மைக்கை எடுத்தால், நான் பாட்டைக் கையால் இறக்கி, அவர் முடித்ததும் ஏற்றுவேன். இயந்திரம் அதையே நொடிக்கு இரண்டு முறை செய்கிறது. இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டு, "அப்படீன்னா நீங்கதான் நம்ம ஊரோட முதல் சைட்செயின்" என்றார். மாஸ்டரிங் எனப்படும் இறுதிச் செம்மையாக்கத்துக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

பதினோராவது வாரம், ஒரு மாணவனின் உறவினர் வீட்டு 21ஆவது பிறந்தநாள் விருந்தில், மண்டபத்தில், ஆளுக்கு இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். இதுவே தேர்வு. மண்டபத்து மிக்ஸரில் எக்ஸ்எல்ஆர் துளைகள். எங்கள் கருவியிலோ ஆர்சிஏ வெளியீடு மட்டும். மாற்று ஒயர் கொண்டுவர வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் வேனில் எப்போதும் கிடக்கும் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். இணைத்ததும் தேனீக் கூட்டம் போல ஒரு ரீங்காரம். மடிக்கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கினேன், அடங்கிற்று. இடையில் அந்த ரீங்காரத்தைத் தடுக்கும் ஒரு தனிமைப்படுத்தும் பெட்டியை வைத்துவிட்டு மறுபடி செருகினேன். வகுப்பறையில் கேட்காத இந்த ரீங்காரம் மண்டபத்துக்கு மண்டபம் கேட்கும். இதற்கென்று ஒரு புதன்கிழமையாவது ஒதுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நானே வந்து எடுக்கவும் தயார்.

என் மருமகள் நான்காவதாக ஏறினாள். ஏழாவது நிமிடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மேசைக்கு வந்து, எம்ஜிஆர் பாட்டு வேண்டும் என்று தட்டினார். நான் குறுக்கே போகவிருந்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். அவள் ஒரு காதில் இருந்து ஹெட்ஃபோனை விலக்கி, "போடுறேன் தாத்தா, இன்னும் ரெண்டு பாட்டு, நீங்க முன்னாடி வந்து நின்னுக்குங்க" என்றாள். இரண்டு பாடல் கழித்து, வேகத்தை இறக்கி, வெறும் கிக்கில் எட்டு ஆவர்த்தனம் நடந்து, அந்தப் பழைய பாடலின் பல்லவியை மட்டும் எடுத்து வைத்தாள். தாத்தா ஆடினார்; அவரோடு பாட்டிகளும் எழுந்தார்கள். அதிலிருந்து மீண்டும் வேகத்துக்கு வந்த மாற்றம் மட்டும் சற்றுக் கரடுமுரடாக இருந்தது. திஸ்ரத்தில் கால் வழுக்கிற்று. அண்ணன் அதற்கு மதிப்பெண் குறைத்தார். நியாயமே.

பணம் பற்றிய பாடம் ஒரே மாலையில் முடிந்தது, போதுமானதாகவும் இருந்தது. பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் தேதி கொடுக்கக் கூடாது, முடியும் நேரத்தை எழுத்தில் வாங்க வேண்டும், சொந்தப் பாடல் வெளியிடுகிறவர் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் எம்ஏசிபியில் சேர வேண்டும், மாதச் சம்பளம் இல்லாதவரும் ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே பணம் போட்டு வரலாம் என்பன போன்றவை. எங்கள் அணியின் மூத்த பையன் முன்பணம் வாங்காமல் ஒரு விருந்துக்கு வாசித்து, மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

காதைப் பற்றியும் பேசினார். அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அண்ணன் எல்லாருக்கும் ஒரு மெல்லிய உச்ச ஒலியைப் போட்டு, கேட்பவர்கள் கை தூக்கச் சொன்னார். ஏழு கைகள் எழுந்தன. நான் ஒலி இன்னும் தொடங்கவில்லை என்று காத்திருந்தேன். மறுநாளே ஈப்போவுக்குப் போய் இரண்டு சோடிக் காதடைப்பான் வாங்கிவந்தேன், ஒன்று அவளுக்கு.

கல்யாணம், விருந்து, கோயில் நிகழ்ச்சி என்று இந்த வட்டாரத்திலேயே தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் ஆறு வாரமே 950 ரிங்கிட்டுக்கு ஈடாகும், தயங்காமல் சேரலாம். பாடல் தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். தயாரிப்புக்கு மட்டும் தனியாக 12 வாரம் நடத்தும் யோசனை இருப்பதாக அண்ணன் சொல்கிறார், மடிக்கணினிகள் சேர்ந்தால். என் மருமகள் இப்போது என் வேனில்தான் வருகிறாள். சென்ற மாதம் மூன்று கல்யாணம். அக்காள் இரண்டுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த அணி தைப்பூசம் கழிந்த வாரம் தொடங்குகிறது. எட்டு இடங்களில் ஐந்து நிரம்பிவிட்டன. சேர்பவர்கள் ஹெட்ஃபோனைச் சொந்தமாகக் கொண்டுவருவது நல்லது. வகுப்பில் இருப்பவற்றில் சிவப்பு ஒயர் சுற்றியதற்கு இடப்பக்கம் பேசாது.